ஃபில்டர் இல்லாத தொட்டி: மீன் வளர்ப்பும் வைத்தியமும்

கடையில் ஒரு ஃபைட்டர் மீனையும் கண்ணாடிக் கிண்ணத்தையும் வாங்கி வந்து, பத்தாம் நாள் மீன் மிதந்ததும் 'நமக்கு மீன் ராசி இல்லை' என்று கையைக் கழுவிவிடுகிறவர்கள் ஏராளம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபில்டர் இல்லாமலும் மீன் வருஷக்கணக்கில் நன்றாக வாழும். ஃபில்டர் பார்க்கிற வேலையை வேறு யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாதியைச் செடி பார்க்கும். மீதி உங்கள் தலையில்.

அந்த வேலை என்ன என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியா தண்ணீரில் இறங்குகிறது. தின்னாமல் விட்ட தீனி, கழிவு, அழுகிய இலை எல்லாம் அதைக் கூட்டும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதே மீனைக் கொன்றுவிடும். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்டாக்கும். ஃபில்டரின் பஞ்சு இந்த பாக்டீரியாக்களுக்கு வீடு. ஃபில்டர் இல்லாத தொட்டியிலும் அவை மணலிலும் கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன, ஆனால் குறைவாக. அந்தக் குறையை ஈடுகட்ட மீனைக் குறைக்க வேண்டும், செடியைக் கூட்ட வேண்டும், தண்ணீரை ஒழுங்காக மாற்ற வேண்டும்.

தொட்டியும் மீனும்

ஒன்றரை அடி தொட்டியை, அதாவது 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ளதை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 40 லிட்டர் வரும். கடைக்காரர் சொல்வதும் இதைத்தான். மணல் 4 செ.மீ., மேலே விடும் இடைவெளி 3 செ.மீ. போனால் உண்மையில் நிற்கும் தண்ணீர் 31 லிட்டர். மருந்துக் கணக்கெல்லாம் இந்த 31-க்குத்தான். 40-க்குப் போட்டால் கால்பங்குக்கு மேல் அதிகமாகிவிடும். தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து எடை ஏறக்குறைய 45 கிலோ. ஆட்டம் காணாத மேசையில் தெர்மாகோல் ஷீட் விரித்து வையுங்கள். அடியில் ஒரு கல் துணுக்கு மாட்டினாலும் கண்ணாடி விரிசல் விடும்.

ஃபில்டர் இல்லாத தொட்டிக்கு என்றே பிறந்த மீன்கள் உண்டு: ஃபைட்டரும் கௌராமி வகைகளும். இவற்றின் தலைக்குள் செவுளுக்கு மேலே ஒரு மடிப்பு உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றை வாயால் வாங்கி அதிலிருந்து மூச்சுவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். ஆனால் அம்மோனியாவிலிருந்து அந்த உறுப்பு எந்த மீனையும் காப்பாற்றாது. 'ஃபைட்டருக்கு டம்ளர் போதும்' என்று சொல்வது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். ஃபைட்டருக்குக் குறைந்தது 15 லிட்டர் கொடுங்கள். ஒரு தொட்டியில் ஒரு ஆண் மட்டும். குதிக்கும், ஆகவே வலை மூடி அவசியம்.

31 லிட்டரில் ஒரு ஃபைட்டர், அல்லது இரண்டு ஹனி கௌராமி, அல்லது ஆறு கப்பி. கப்பி என்றால் எல்லாமே ஆணாக வாங்குங்கள். ஒரு பெண் கப்பி மாதத்துக்கு ஒருமுறை இருபது முப்பது குஞ்சு போடும். மூன்று மாதத்தில் கணக்கெல்லாம் கைமீறிப் போகும்.

கோல்டு ஃபிஷ் இங்கே வேண்டாம். நிறையத் தின்னும், நிறையக் கழியும், அரை அடிக்கு மேல் வளரும். அதற்குப் பெரிய தொட்டியும் நல்ல ஃபில்டரும் வேண்டும். 'டேங்க் கிளீனர்' என்று விற்கிற சக்கரும் வேண்டாம். அது தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அசுத்தம் செய்வது அதிகம், ஒரு அடிக்கு மேல் வளரவும் செய்யும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற பக்கெட்டில் 24 மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். வைக்கும் பக்கெட்டை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டுங்கள். தெளிந்த, அசையாத தண்ணீர்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடம். அவசரத்துக்கு ஆன்டி குளோரின் சொட்டு மருந்து இருக்கிறது. கடையில் விற்கும் சாதா சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட், பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களின் 'ஹைப்போ'. 13 கிராம் ஹைப்போ படிகத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்துக் கறுப்பு பாட்டிலில் வைத்துக்கொண்டால், 10 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, அதாவது சுமார் 20 சொட்டு போதும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின். அது சும்மா வைத்தால் போகாது. அங்கே குளோரமினுக்கு என்று போட்டிருக்கிற கண்டிஷனரைத்தான் வாங்க வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சம்பையோ மேல்தொட்டியையோ கழுவிவிட்டு பிளீச்சிங் பவுடர் போடும் நாளில் தண்ணீரில் குளோரின் பல மடங்கு ஏறும். வழக்கமான சொட்டுக் கணக்கு அன்றைக்குச் செல்லாது. அந்த நாளும் அடுத்த நாளும் தண்ணீர் மாற்றாமல் இருப்பது உத்தமம்.

போர் தண்ணீரில் குளோரின் கிடையாது. கடினத்தன்மையும் (கரைந்த சுண்ணாம்புச் சத்து), பிஹெச்சும் (அமில-காரத் தன்மையின் அளவு, 7 என்றால் நடுநிலை) அதிகமாக இருக்கும். கப்பிக்கும் மோலிக்கும் அது பிடிக்கவே செய்யும். ஃபைட்டரும் பழகிக்கொள்ளும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அம்மோனியாவில் நஞ்சான வடிவம் எவ்வளவு என்பதை பிஹெச்தான் தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் ஆயிரத்தில் 6 பங்குதான் நஞ்சு. பிஹெச் 8 என்றால் 50 பங்குக்கு மேல். அதாவது, அதே அழுக்கு போர் தண்ணீரில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகமாகக் கடிக்கும். போர் தண்ணீர்க்காரர்கள் மீன் எண்ணிக்கையில் இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ மட்டும் ஊற்றி வளர்க்காதீர்கள். தாது உப்பு இல்லாத தண்ணீரில் பிஹெச் நிலையாக நிற்காது. ரொம்பக் கடினமான போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க அது நல்லது.

மணல், செடி, பொறுமை

ஆற்று மணல் கிடைத்தால் 8 கிலோ போதும், 4 செ.மீ. ஆழம் வரும். பக்கெட்டில் போட்டுக் கையால் கிளறி, கலங்கல் போகும்வரை கழுவுங்கள். பத்துத் தடவை ஆகும், சலித்துக்கொள்ளாதீர்கள். எம்-சாண்ட் மாவு போலத் தூசி விடும். கடற்கரை மணலில் கிளிஞ்சல் துண்டுகள் இருக்கும், அவை கரைந்து பிஹெச்சை ஏற்றும். சந்தேகம் வந்தால் ஒரு பிடி மணலில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்தால் வேண்டாம்.

மணலுக்கு அடியில் தோட்ட மண் பரப்பி வளர்க்கும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் பெயரால் அறியப்படுவது. ஒரு அங்குலம் மண், மேலே ஒரு அங்குலம் மணல், தொட்டி நிறையச் செடி. செடிகள் பிரமாதமாக வரும். ஆனால் முதல் மாதம் மண்ணிலிருந்தே அம்மோனியா கசியும். உரமோ சாணமோ கலந்த மண் என்றால் கதை முடிந்தது. முதல் தொட்டிக்கு வெறும் மணலே போதும்.

செடியில் கஞ்சத்தனம் வேண்டாம். வேகமாக வளரும் செடிதான் அம்மோனியாவை வேகமாகக் குடிக்கும். ஹார்ன்வோர்ட், ஹைட்ரில்லா, வல்லிஸ்னேரியா மூன்றும் மலிவு, சாகாது. தொட்டியின் தரைப்பரப்பில் பாதியாவது செடி இருக்கட்டும். இவற்றோடு ஒரு மணி பிளான்ட் தண்டை வேர் மட்டும் தண்ணீரில் படும்படி தொட்டி விளிம்பில் செருகிவிடுங்கள். இலைகள் வெளிக்காற்றில் இருப்பதால் அது நீர்ச்செடியைவிட வேகமாக வளர்ந்து நைட்ரேட்டை இழுக்கும். வேர் ஒரு மாதத்தில் தாடி மாதிரி தொங்கும், கப்பிக்குஞ்சு ஒளிந்துகொள்ள நல்ல இடம். மிதக்கும் செடி விட்டால் மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடாதீர்கள், காற்று தண்ணீரில் கலப்பது அந்த வழியாகத்தான். விளக்கு தினமும் 8 மணி நேரம். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் பத்து நாளில் தண்ணீர் பச்சையாகும்.

செடி நட்ட பிறகு மீன் விடாமல் மூன்று நான்கு வாரம் காத்திருங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் அது அழுகி அம்மோனியா உண்டாகும், பாக்டீரியாவும் அதை நம்பிப் பெருகும். புது இலை விட்டு, கண்ணாடியில் மெல்லிய வழவழப்பு வந்த பிறகு முதல் மீனை விடுங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது மருந்து வாங்குவதைவிட லாபம். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணுக்கும் அம்மோனியாவுக்கும் தொடர்பில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம்

புதிதாக வைத்த தொட்டிக்கு வாரம் இரண்டு முறை கால்பங்கு தண்ணீர். நம் 31 லிட்டர் தொட்டியில் ஒவ்வொரு முறையும் 8 லிட்டர். இரண்டு மூன்று மாதத்தில் செடி அடர்ந்து, அம்மோனியா சோதனை தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் வாரம் ஒரு முறை போதும்.

கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி போன்ற டியூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். பக்கெட்டைத் தரையில், தொட்டியைவிடத் தாழ்வாக வையுங்கள். டியூப்பைத் தண்ணீரால் நிரப்பி இரண்டு முனையையும் கட்டை விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறுமுனையைப் பக்கெட்டிலும் விட்டுக் கட்டை விரலை எடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். முனையை மணலில் குத்தாமல் அரை அங்குலம் மேலே பிடித்து மெதுவாக வட்டம் போட்டால் பழுப்பு நிறக் கழிவு மட்டும் சுழன்று மேலே ஏறும், மணல் கீழேயே நிற்கும். தீனி விழும் மூலையிலும் செடிக்கு முன்புறத்திலும்தான் கழிவு சேரும். வேர் இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள், அங்கே இருப்பது செடியின் உரம்.

ஊற்றும் தண்ணீர் தொட்டித் தண்ணீரின் சூட்டிலேயே இருக்க வேண்டும். கையை இரண்டிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மே மாத மத்தியானத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை அப்படியே ஊற்றி மீனை அவித்துவிடாதீர்கள்.

செய்யவே கூடாதது ஒன்று. மாதம் ஒரு முறை மீனைப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டியைக் காலி செய்து, மணலைக் கழுவி, கண்ணாடியைத் தேய்த்து, முழுக்கப் புதுத் தண்ணீர் நிரப்புவது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். பாக்டீரியா அத்தனையும் போயிருக்கும். மூன்று நான்கு நாளில் அம்மோனியா ஏறி மீன் சாகும், 'சுத்தமாகத்தானே வைத்திருந்தேன்' என்ற புலம்பல் மிஞ்சும். கண்ணாடியில் பாசி படிந்தால் பார்க்கும் முன்பக்கத்தை மட்டும் பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்துவிடுங்கள். சோப்பு தொட்ட பஞ்சோ கையோ தொட்டிக்குள் போகக் கூடாது.

தீனி ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. ஃபைட்டருக்குச் சின்னப் பெல்லட் நான்கு போதும், அதன் வயிறு ரொம்பச் சின்னது. வாரம் ஒரு நாள் விரதம். ஊருக்குப் போனால் நான்கைந்து நாள் பட்டினி கிடந்தாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

புது மீனைத் தொட்டியில் விடும் முன்

சென்னைக் கொளத்தூர் மாதிரி பெரிய மீன் சந்தையில் வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும் புது மீனுக்கு இரண்டு வாரம் தனி வாசம். 15 லிட்டர் பக்கெட், ஒரு பிடி ஹார்ன்வோர்ட், தினம் கால்பங்கு தண்ணீர் மாற்றம். மீனின் நோய் வெளிப்பட பெரும்பாலும் அந்த இரண்டு வாரம் போதும்.

பையைப் பக்கெட் தண்ணீரில் 15 நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு மீனை வலையால் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பயணித்த பை என்றால், திறந்து வைத்துக்கொண்டு துளித்துளியாகத் தண்ணீர் கலக்கும் வேலை வேண்டாம். மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு பிஹெச்சைத் தாழ்த்தி வைத்திருக்கும், சேர்ந்த அம்மோனியாவும் அதனால் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகும்.

மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது

மருந்து பாட்டிலைத் தேடும் முன் நேரத்தைப் பாருங்கள். விடிகாலையில் மட்டும் மேலே வந்து, விளக்கு போட்டு இரண்டு மணி நேரத்தில் சரியானால் ஆக்சிஜன் குறை. செடி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து அதையே உட்கொள்ளும். மிதக்கும் செடியைக் குறையுங்கள், ஒன்றிரண்டு மீனை இடம் மாற்றுங்கள். நாள் முழுக்க மூச்சுவாங்கி, செவுள் சிவந்தோ பழுப்பேறியோ இருந்தால் அம்மோனியா அல்லது நைட்ரைட். தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களிலேயே துள்ளித் தெறித்தால் குளோரின். அதற்கு உடனே ஆன்டி குளோரின், பிறகு கேள்வி.

அம்மோனியாவுக்கு மருந்து தண்ணீர்தான். உடனே பாதித் தண்ணீர் மாற்றுங்கள், மறுநாள் மறுபடி பாதி, தீனி நிறுத்தம். நைட்ரைட் ஏறினால் லிட்டருக்கு 1 கிராம் உப்பு சேர்க்கலாம். உப்பின் குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். அந்த அளவு ஹார்ன்வோர்ட்டுக்குக் கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளும்.

பாதிக்கு மேற்பட்ட 'நோய்கள்' இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

ஆஸ்பத்திரி பக்கெட்

ஃபில்டர் இல்லாத தொட்டிக்குள் மருந்தை ஊற்றாதீர்கள். மெத்திலின் ப்ளூ அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும், கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிகான் பசையையும் மணலையும் நிரந்தரமாக நீலமாக்கும். வைத்திய அளவு உப்பு செடியைக் கருக்கும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுகிறவர்கள் நோயைவிடத் தொட்டியைத்தான் முதலில் கொல்கிறார்கள். மஞ்சள் தூளும் அப்படித்தான். கண்ணளவில் போட்ட தூள் கரையாமல் செவுளில் போய்ப் படியும். நோயுற்ற மீனை எடுத்துத் தனிப் பக்கெட்டில் வைத்தியம் பாருங்கள்.

பக்கெட் 15 லிட்டர், அதில் 10 லிட்டர் தண்ணீர். உள்ளே மணலும் செடியும் வேண்டாம். ஒளிந்துகொள்ள விளிம்பு உடைந்த ஒரு சின்ன மண்சட்டியை, உடைந்த பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து வையுங்கள். மேலே வலை. பாக்டீரியா இல்லாத இடம் என்பதால் தினமும் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றியே தீர வேண்டும். எடுத்த தண்ணீரில் எவ்வளவு மருந்து போயிற்றோ அவ்வளவை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் கணக்குத் தப்பும். 10 லிட்டரில் 30 கிராம் உப்பு இருக்கிறது, 7 லிட்டர் மாற்றினால் புதுத் தண்ணீரோடு 21 கிராம் உப்பு, அதற்கு மேல் இல்லை. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு உப்பு சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை.

உப்பு என்றால் சமையல் கல் உப்பு. ஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம், கல் உப்பில் இடைவெளி இருப்பதால் குறையும். சமையல் தராசில் நிறுத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து, மீன் மேல் படாமல் ஓரமாக ஊற்றுங்கள். 30 கிராமையும் ஒரே நேரத்தில் போடாமல் காலை 10, மாலை 10, மறுநாள் காலை 10.

வெள்ளைப் புள்ளி நோய்

நம் ஊரில் இது மார்கழியில் வரும் நோய். 28 டிகிரியில் இருந்த தண்ணீர் ஓரிரு இரவில் 23, 24-க்கு இறங்கும்போது மீனின் எதிர்ப்பு குறைகிறது. ரவை தூவியது போலத் துடுப்பிலும் உடம்பிலும் வெள்ளைப் புள்ளிகள். அதற்கு முன்பே மீன் மணலில் உடம்பைத் தேய்த்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு அடியில் புதைந்திருக்கும் ஓர் ஒட்டுண்ணி. தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. நன்றாகத் தின்று பெருத்ததும் தானே உதிர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பிரிந்து, வெடித்து நீந்தி, அடுத்த மீனைத் தேடும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். உப்போ மருந்தோ கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான். மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்துகிறவர்களுக்கு, அடியில் இருந்த கூடுகள் வெடித்து எட்டாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பி வருவது இதனால்தான்.

ஃபில்டரும் மணலும் இல்லாத பக்கெட் இங்கே உங்களுக்குச் சாதகம். இரண்டு பக்கெட் எடுங்கள். முதலாவதில் மீனும் உப்புத் தண்ணீரும், முன்சொன்ன மாதிரி படிப்படியாக லிட்டருக்கு 3 கிராம். 24 மணி நேரம் கழித்து, இரண்டாவதில் அதே சூட்டில், அதே அடர்த்தியில் புது உப்புத் தண்ணீர் தயாரித்து மீனை மாற்றுங்கள். முதலாவதைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, ஈரமே இல்லாமல் காயும்வரை வெயிலில் வையுங்கள். அடியில் ஒட்டிய கூடெல்லாம் காய்ந்து செத்துப்போகும். மறுநாள் மீனைத் திரும்ப அந்த முதல் பக்கெட்டுக்கு மாற்றுங்கள். வலையையும் அதோடு காயவைக்க வேண்டும். காலை மாலை இரண்டு வேளையும் மாற்ற முடிந்தால் இன்னும் உறுதி. கடைசிப் புள்ளி உதிர்ந்து மூன்று நாள்வரை தொடருங்கள், பெரும்பாலும் மொத்தம் 8 முதல் 10 நாள் ஆகும். தொட்டி அதுவரை மீனே இல்லாமல் கிடக்கட்டும். ஒரு மீனுக்குப் புள்ளி வந்தாலும் எல்லா மீனையும் பக்கெட்டுக்கு மாற்ற வேண்டும், அப்போதுதான் தொட்டியில் இருக்கும் ஒட்டுண்ணி பட்டினியில் சாகும். முடிந்ததும் உப்பை மூன்று நாளில் பாதி பாதியாகக் குறைத்துத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

நியான் டெட்ரா, கோரிடோரஸ் வகைகளுக்கு 3 கிராம் அதிகம். அவற்றுக்கு 1 கிராமோடு நிறுத்தி, பக்கெட் மாற்றத்தையே நம்புங்கள்.

உடம்பில் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் கலந்த மாவு போல மினுங்கினால், அறையை இருட்டாக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தங்கத் தூள் பூசியது போலத் தெரிந்தால் வெல்வெட் நோய். அதே உப்பு, அதே பக்கெட். கூடவே பக்கெட்டைத் துணி போட்டு இருட்டாக வையுங்கள். அந்த ஒட்டுண்ணி செடியைப் போல வெளிச்சத்தில் உணவு செய்வது.

துடுப்பு அரிப்பு, பஞ்சு, வீக்கம்

துடுப்பின் ஓரம் கிழிந்த துணி போல, விளிம்பில் வெள்ளையோ கறுப்போ கோடு ஓடினால் துடுப்பு அரிப்பு. காரணம் ஏறக்குறைய எப்போதும் தண்ணீர் அழுக்குதான். லிட்டருக்கு 1 அல்லது 2 கிராம் உப்பு, தினம் தண்ணீர் மாற்றம், ஒரு வாரம். நாட்டு வாதுமை மரத்தடியில் தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலை ஒன்றைக் கழுவி 10 லிட்டருக்குப் போடலாம். தண்ணீர் டீ நிறமாகும், கிருமியைக் கொஞ்சம் அடக்கும். ஃபைட்டருக்கு அது இதமாக இருக்கும். பச்சை இலையும், புகை படிந்த சாலையோர இலையும் வேண்டாம். இதோடு பிளாஸ்டிக் செடியில் மாட்டிக் கிழிந்ததா என்றும் பாருங்கள். நேர்வெட்டாக ஒரே இடத்தில் கிழிந்திருந்தால் அது காயம், சுத்தத் தண்ணீரில் தானே வளரும்.

பஞ்சில் இரண்டு வகை. காயத்தின் மேல் நூல் நூலாக, தண்ணீரில் ஆடும் பஞ்சு பூஞ்சை. இதற்கு மெத்திலின் ப்ளூ, லேபிளில் போட்ட அளவில், ஏனெனில் பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி மாறும். வெளிச்சத்தில் கெடும் மருந்து என்பதால் இருட்டில் வையுங்கள். வாயைச் சுற்றியும் முதுகில் சேணம் போட்டது போலவும் மங்கலான சாம்பல் படலம் பரவினால் அது பூஞ்சை கிடையாது, காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா. வெயில் காலத்தில் இரண்டே நாளில் கொல்லும். எல்லா நோய்க்கும் ஹீட்டர் போடும் பழக்கம் இங்கே கெடுதி, சூடு ஏற ஏற அது வேகமெடுக்கும். உடனே பிரித்து, உப்பு 3 கிராம், தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்து, கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

வயிறு உப்பி, மீன் சாய்ந்து நீந்தினால் முதலில் மூன்று நாள் பட்டினி. பெரும்பாலும் அதிகத் தீனிதான். உப்பலோடு செதில்கள் அன்னாசிப்பழம் போல நிமிர்ந்து, மேலிருந்து பார்த்தால் தெரிகிறதென்றால் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று அர்த்தம். பிரித்து வைத்துச் சுத்தத் தண்ணீர் கொடுங்கள், அதற்கு மேல் நம்பிக்கை வைக்க முடியாது. தீனி எடுக்காமல், நிமிர முடியாமல் நாள்கணக்கில் கிடந்தால் கிராம்பு எண்ணெய் வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு 10 சொட்டு, சின்ன பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கிப் பால் போலாக்கி மெதுவாக ஊற்றினால் மீன் மயங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில்

25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3 தான் பிடிக்கும். மீனுக்கு அதே சூட்டில் தேவை கூடுகிறது. மூடியை எடுத்து வலை மட்டும் போட்டு, டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல் தவழும்படி வையுங்கள். ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டில் போட்டால் சட்டென்று இறங்கிச் சட்டென்று ஏறும், அதுதான் மீனைப் படுக்கவைக்கும். ஆவியான இடத்துக்கு போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை வாரத்துக்கு வாரம் ஏறும். அந்த இட்டு நிரப்பலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. இந்த மாதங்களில் தீனியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள்.

மீன் செத்துப்போனால்

உடனே எடுங்கள், சின்ன உடம்பென்றாலும் 30 லிட்டரில் ஒரே இரவில் அம்மோனியாவை ஏற்றிவிடும். செடித் தொட்டியில் ஆழமாகப் புதைக்கலாம். நோயுற்ற மீனையோ வளர்த்து அலுத்த மீனையோ ஏரியிலும் கிணற்றிலும் விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று வலை கிழிய மாட்டும் டேங்க் கிளீனர்கள் அப்படி விடப்பட்டவற்றின் வாரிசுகள்தான்.

தொட்டியைப் பிரித்துக் கழுவ வேண்டாம். பாதித் தண்ணீர் மாற்றி, இறந்த இலையைக் கிள்ளி, செடியோடு இரண்டு வாரம் சும்மா விடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி, பாக்டீரியாவுக்காக. அம்மோனியா சோதனை இரண்டு முறை பூஜ்யம் காட்டட்டும். அதற்குள் புது மீன் வாங்கிப் பக்கெட்டில் தனி வாசம் வைத்திருந்தீர்களானால், இரண்டும் ஒரே நாளில் முடியும்.